ஓவன் எழும்பிய உயரம்

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, விடிந்தால் பன்னும் பொழுதடைந்தால் மக்ரூனும் வேகிற வாசனையில் தூங்கி எழுந்து பழகிய எங்கள் தூத்துக்குடித் தெருவுக்கு, பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஊரார் வீட்டு ஓவன்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த கித்தேரி, ஒரு மே மாதப் பகலில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். முதல் பெட்டியில் எல்லோரும் எதிர்பார்த்தபடியே சோப்பும் சென்ட்டும் பேரீச்சம்பழமும் இருந்தன, அவற்றைப் பிரித்துக் கொடுத்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் அகலமும் குறுகலுமான சுரண்டிகளும், இரும்பு நார்ச் சுருள்களும், முழங்கையைத் தாண்டும் ரப்பர் கையுறைகளும், கழுத்து வளைகிற பிரஷ்களும், நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு விளக்கும் இருந்தன, அவற்றை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. இனி இதுதான் என் தொழில் என்றாள். என்ன தொழில் என்று கேட்டதற்கு, ஓவன் கழுவுவது என்றாள்.

அண்ணன் மனைவி மெடில்டாவுக்குச் சிரிப்பு தாங்காமல் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. "ஏட்டி, இந்த ஊருல வீட்டக் கழுவவே ஆள் வைக்க மாட்டாவ. ஓவனக் கழுவ உன்னயத் தேடி வருவாவளாக்கும்?"

கித்தேரி கோபித்துக்கொள்ளவில்லை. மஸ்கட்டில் நானூறு ஓவன்களின் உட்புறம் அவளுக்கு அத்துப்படி, எந்த மூலையில் கொழுப்பு உறையும், எந்தத் திருகுக்குப் பின்னால் சர்க்கரை கருகி ஒளிந்திருக்கும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் அந்த நானூறு சமையலறையில் ஒன்றில்கூட, கதவைத் திறந்தவர்கள் அவளைப் பெயர் சொல்லி வா என்றதில்லை. பெயர் தெரிந்தவர்களுடைய ஓவனைக் கழுவ வேண்டும் என்பது அவளுக்குப் பசி மாதிரி ஒரு ஆசையாகிவிட்டிருந்தது. மெடில்டாவோ நடக்கிறதைப் பார்க்கிறவள். பழைய கம்பெனி, மனசு மாறினால் வா என்று விசாவைத் திறந்தே வைத்திருந்தது. அது ஜூலை மாதத்தோடு முடிகிறது. இருபத்தாறாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு ஏஜென்ட்டின் வேன் வீட்டு வாசலுக்கு வந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும் என்று பேசி முடித்துவிட்டாள். அதற்குள் பத்து ஓவன் கழுவி முடித்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் ஏறிப் போகிறேன் என்று கித்தேரி வாக்குக் கொடுத்தாள்.

பத்து என்பது அவளுக்குச் சின்ன எண்ணாகத் தெரிந்தது, ஏனென்றால் எங்கள் தெருவிலும் அடுத்த மூன்று தெருக்களிலுமாகப் பதினான்கு பேக்கரிகள் இருந்தன. ஆனால் எந்தப் பேக்கரியின் படியில் ஏறிக் கேட்டாலும், பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குப் பல் விளக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஓவனுக்குள் இருக்கிற கரிதான் கைராசி என்பது எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரர்களின் நம்பிக்கை. வருஷப் பிறப்பன்று முதல் தட்டை வைக்குமுன் கட்டை விரலால் ஓவன் வாயில் படிந்த கரியில் ஒரு சிலுவை போடுவார்கள், மறு வருஷம் அதன்மேல் படிந்த கரியில் இன்னொன்று. அந்தக் கரியைச் சுரண்டுவதா என்றார்கள்.

கரி ஒன்றென்றால், கால் இன்னொன்று. எங்கள் ஊர் ஓவன்களுக்கெல்லாம் கால் குட்டை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஞானசிகாமணி அண்ணாச்சி முதல் இரும்பு ஓவனை வாங்கி வந்தபோது, அவருடைய கடைக் கூரை தாழ்வாக இருந்ததால் புகைக்குழாய் முட்டியது, அதனால் நாலு காலையும் அறுத்து முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓவனில் வெந்த மக்ரூன், முட்டை வெள்ளைக்கருவின் நுரையும் முந்திரித் தூளும் சர்க்கரையும் சேர்ந்த அந்தக் குட்டிக் கூம்பு, நாக்கில் வைத்ததும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று என்பதால், மற்றப் பதின்மூன்று பேரும் ரகசியம் காலில்தான் இருக்கிறது என்று தங்கள் ஓவன்களின் கால்களையும் அறுத்துவிட்டார்கள். பிறகு ஞானசிகாமணி கூரையை உயர்த்திக் கட்டினார், காலை ஒட்டவில்லை. அதற்குள் அவருக்கே அந்த ரகசியத்தில் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. சூடு தரையோடு பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

தட்டுகளை ஓவனுக்குள் தள்ளுவதும் இழுப்பதும் அவர் மனைவி சொர்ணபாயின் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை குனிந்து, பிறகு குனிந்த வாக்கிலேயே நடந்து, குனிந்த வாக்கிலேயே கோயிலுக்குப் போய், தெருவில் எதிர்ப்படுகிறவர்களை அவரவர் செருப்பை வைத்தே அடையாளம் கண்டு நலம் விசாரிக்கிற மனுஷி அவள். கித்தேரி மூன்றாவது தடவையாகக் கேட்டு வந்தபோது கல்லாவில் ஆள் இல்லை. அண்ணாச்சி நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், வர நாலு நாள் ஆகும். சொர்ணபாய் அந்த மஸ்கட் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாவியை நீட்டினாள்.

"எடது பக்கம் பன்னு கருகுது கித்தேரி. நான் சொன்னா அவியளுக்கு ஏறாது. வாரதுக்குள்ள கழுவி வச்சிரு. கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் கித்தேரிக்கு முதல் ஓவன் கிடைத்தது. ஒரு நாள் அதை ஆறவிட்டாள். மறுநாள் தட்டுகளையும் கம்பிகளையும் கதவின் கீல்களையும் கழற்றி, காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, நெற்றி விளக்கோடு உள்ளே போனாள். முதல் அடுக்கு லேசாக உதிர்ந்தது, அது போன வருஷத்துப் பன். அதற்குக் கீழே தார் மாதிரி இழுத்தது கிறிஸ்துமஸ் கேக்குகளின் வெல்லப்பாகு. அதற்கும் கீழே, புயலில் மின்சாரம் இல்லாத வாரத்தில் மறந்துபோய்க் கருகிய ரஸ்க். அதற்கும் கீழே கல்யாணங்கள், பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைகள், ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒரு ஜோடிக்காக அவசரமாகச் செய்த கேக்கின் வழிந்த ஓரம். இடையிடையே சிலுவைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு தடவை நெற்றியில் கை வைத்துவிட்டுச் சுரண்டினாள். பதினோரு பனையோலைக் கடகப்பெட்டி நிறையக் கரி வெளியே வந்தது. மூன்றாம் நாள் ஆப்பச் சோடாவும் வினிகரும் குழைத்துப் பூசி, துடைத்து, மறுபடி துடைத்து, அவள் கடைசித் துணியை வெளியே எடுத்தபோது மத்தியானம் பன்னிரண்டரை மணி இருக்கும். ஓவன், பால் பொங்குகிற வேகத்தில், தரையை விட்டு எழும்பியது. சொர்ணபாயின் நெஞ்சளவுக்கு வந்ததும் நின்றது. நாலு கால் இருந்த இடத்தில் நாலு சதுரம் சிமெண்டு, பூசிய அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

"கழுவுனா இப்படித்தான் எழும்புமா?" என்று சொர்ணபாய் கேட்டாள்.

"மஸ்கட்ல எழும்பாது." கித்தேரி கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். "அங்க மாசாமாசம் கழுவுவாவ. இவ்வளவு கனம் சேர விடமாட்டாவ."

அது நியாயமாகத்தான் பட்டது. குழாய் வேலை பார்ப்பவர் வந்து கேஸ் குழாயை இரண்டு முழம் நீட்டிக் கொடுத்தார், புகைக்குழாயை இரண்டு முழம் வெட்டினார், பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், எழும்பியதில் தனக்கு ஆச்சரியமில்லை, குழாயை இழுத்துக்கொண்டு எழும்பாமல் பக்குவமாக எழும்பியிருக்கிறதே, அதுதான் ஆச்சரியம் என்றார். மறுநாள் காலையில் தெரு முழுக்க வந்து பார்த்தது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடு நின்று பார்த்தார்கள். பூனைகள்தாம் முதலில் ஓவனுக்கு அடியில் படுத்தன. பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும், அந்தக் கதகதப்பான நிழலில் இட்லி மாவுச் சட்டியை வைத்தால் மூன்றே மணி நேரத்தில் பொங்குகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். வார முடிவில் அங்கே பெயர் எழுதிய பதினெட்டுச் சட்டிகள் வரிசையாக இருந்தன. பங்குச் சாமியார் வந்து, தீர்த்தம் தெளித்து, ஒரு பொருள் மேலே போவதில் திருச்சபைக்கு எந்தக் காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை என்றார். உணவுச் சோதனை செய்கிற அதிகாரி ஒருவர் வந்து, அடியில் தரையைப் பெருக்கும்படி சாதனங்கள் உயர்த்தி வைக்கப்பட்டுள்ளனவா என்கிற கேள்விக்கு எதிரே, தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக, ஆம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். வந்தவர்கள் எல்லோரும் ஓவனைத்தான் பார்த்தார்கள், தட்டு தள்ளிக்கொண்டிருந்தவளை யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் நாலாம் நாள் ஞானசிகாமணி அண்ணாச்சி நாசரேத்திலிருந்து வந்து, ஓவன் இருந்த நாலு வெள்ளைச் சதுரங்களை முதலில் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார், பிறகு மைதா மூட்டைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் சொர்ணபாய் தான்தான் சாவி கொடுத்ததாகச் சொல்லியிருப்பாள். அவர் அழுததால் அவளுக்கு நாக்கு எழவில்லை. என் ஓவன் என்னை விட்டுப் போகப் பார்க்கிறது என்று அவர் சொன்னார். இன்றைக்கு நெஞ்சளவு, நாளைக்குக் கூரை, அப்புறம் கடல் தாண்டி எந்த ஊரோ. துறைமுகத்தில் தோணி வைத்திருக்கிற கஸ்பாரிடம் நங்கூரக் கயிறு வாங்கி வந்து, ஓவனை நாலு பக்கமும் தூணோடு கட்டினார். ஓவன் எங்கும் போகிற மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தார்.

கரி போனதால்தானே எழும்பியது, கரி சேர்ந்தால் இறங்கிவிடும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு பன் கருகினால் சாப்பாடு இறங்காத மனுஷர், வேண்டுமென்றே கருக வைக்க உட்கார்ந்தார். பன்னை ஒரு மணி நேரம் விட்டார், பொன் நிறத்தில் வந்தது. இரண்டு மணி நேரம் விட்டார், அதே பொன் நிறம். சர்க்கரைப்பாகைக் கீழே கொட்டிவிட்டுக் காத்திருந்தார், அது கண்ணாடி மாதிரி மிட்டாயாக உறைந்தது, தெருப் பிள்ளைகள் பெயர்த்துத் தின்றார்கள். தினமும் சாயங்காலம் வாசலில் கூட்டம் கூடி, அண்ணாச்சி, இன்னைக்காவது தீஞ்சுதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, தீயாமல் போனதை வாங்கித் தின்றுகொண்டே அனுதாபப்பட்டது. வியாபாரம் இரண்டு மடங்கானது. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் பேக்கரிக்காரர் சங்கத்தின் செயலாளர் என்பதுதான் கித்தேரிக்கு வினையானது. என் ஓவன் தரைக்கு வருகிறவரை ஒருத்தரும் அந்தப் பிள்ளையிடம் ஓவனைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஜூன் முழுக்கவும் ஜூலையில் பாதியும் அப்படிப் போயிற்று. கித்தேரி காலையில் குளித்து, சுரண்டிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு, வேலைக்குப் போகிறவளைப் போலவே தெருவில் நடந்து திரும்பி வருவாள். தெருவில் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், ஓவனை மட்டும் கொடுக்கவில்லை. மெடில்டா அவளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். கேலி பேசவில்லை, அதுதான் கித்தேரிக்குப் பயமாக இருந்தது.

பதினெட்டாம் தேதி, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பதினான்கு பேக்கரிக்காரர்களும், தட்டு தள்ளுகிற ஆட்களும், வேடிக்கை பார்க்கத் தெருவும் ஞானசிகாமணியின் கடையில் கூடினார்கள். டீசல் நனைத்த துணியைக் கொளுத்தி உள்ளே புகை பிடிக்கவிட்டு, நீ ஏற்றியதை நீயே இறக்கு என்று கித்தேரியிடம் சொன்னார்கள். இறக்கினால் மற்றப் பேக்கரிகளில் வேலை தருவதாகவும் சொன்னார்கள். வேன் வர எட்டு நாள் இருந்தது.

"என் கையால ஒரு ஓவன அழுக்காக்க மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் கித்தேரி. "அதுக்கு நான் வேனுல ஏறிப் போயிருதேன்."

அப்படியானால் இழுத்து இறக்கித் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுவது என்று முடிவாயிற்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். ஏலேலோ போட்டு இழுத்தார்கள். ஓவன் முரண்டு பிடிக்கவில்லை, வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத மாடு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாலு சதுரத்திலும் நாலு காலை வைத்தது. பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வியர்வை ஒழுகியது. சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்ப்போம், ஒரு தட்டை உள்ளே தள்ளு என்று ஞானசிகாமணி மனைவியிடம் சொன்னார்.

சொர்ணபாய் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குனியவில்லை. ஓவனின் வாய் அவள் முழங்காலுக்குக் கீழே திறந்திருந்தது. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் நிமிர்ந்து நின்றாள், இந்த ஏழு வாரத்தில் நாளுக்குக் கொஞ்சமாக நிமிர்ந்திருக்கிறாள், பதினெட்டு மாவுச் சட்டிகளை எண்ணிய எங்களில் ஒருவரும் அதை எண்ணவில்லை. பக்கத்தில் நின்ற ஞானசிகாமணி தன் மனைவியின் முகத்தைப் பார்க்க அண்ணாந்தார். கல்யாணத்தன்றும் தலை குனிந்தே நின்றவள் அவள்; கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவள் அவரைவிட நாலு விரல் உயரம் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது, அவருக்கும்.

"சாவி குடுத்தது நான்தான்," என்றாள் சொர்ணபாய். "முப்பத்தோரு வருசம் நான் இதுக்குக் குனிஞ்சேன். ஒரு தடவ இது எனக்காவ எழும்பிச்சு. அது உங்களுக்குப் பொறுக்கல." பிறகு கயிறு பிடித்தவர்களைப் பார்த்து, சொந்தக்காரப் பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "விடுங்கப்பா. கை வலிக்கும்."

பன்னிரண்டு பேரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஓவன் பால் பொங்குகிற வேகத்தில் எழும்பி, அவள் நெஞ்சளவில் வந்து நின்றது. அவள் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

முதலில் அசைந்தது ஞானசிகாமணிதான். அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு ஓவன் பக்கம் போனார், ஓவன் வாய் அவருக்குத் தோளளவில் இருந்தது, தட்டு நேராக ஏறவில்லை. சுற்றிப் பார்த்து, ஒரு முட்டைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தட்டைத் தள்ளினார். எங்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது சொர்ணபாய் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தோம், கூடைமேல் நின்றபடி அவரும். நாலாவது கடையில் தட்டு தள்ளுகிற அருளப்பன் மட்டும் சிரிக்காமல், வலிக்கிற இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கித்தேரி முன்னால் வந்து நின்றான்.

"எக்கா, எங்க ஓவன் எப்ப கழுவுவிய?"

அவனுடைய முதலாளி வாயைத் திறந்தார், சுற்றிலும் இடுப்பில் கை ஊன்றி நின்றவர்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் தெருவில் ஓவன்கள் ஆறுவதும் எழும்புவதுமாக இருந்தது. அருளப்பனுடைய ஓவன் அவன் வயிற்றளவில் நின்றது, அவன் உட்கார்ந்து வேலை செய்யப் பிரியப்படுகிறவன் என்பது அப்போது தெரிந்தது. இரண்டு பெண்கள் முறை போட்டுத் தட்டு தள்ளுகிற கடையில் ஓவன் காலையில் ஒரு உயரத்திலும் சாயங்காலம் ஒரு உயரத்திலும் இருந்தது. கரியை என்ன செய்வது என்று கேட்டபோது, உப்பளத்துக்காரர்கள் தங்களுக்கு வரப்பில் போட வேண்டும் என்று கூடை கூடையாக வாங்கிப் போனார்கள். ஆனால் ஓர் ஓவன் ஆற ஒரு நாள், கழுவ ஒரு நாள், எத்தனை பேர் கூட நின்று தொட்டியைக் கிளறினாலும் உள்ளே போகிற தலை ஒன்றுதான். இருபத்தாறாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு ஏஜென்ட்டின் வேன் வந்தபோது கித்தேரி தோள்வரைக்கும் ஆறாவது ஓவனுக்குள் இருந்தாள்.

பத்து என்பது வாக்கு. மெடில்டா பேக்கரி வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினாள், ஐந்து, இதோடு ஆறு. வேன் ஓட்டி வந்த இருதயராஜ் ஹாரன் அடித்தான், வரவில்லை என்றதும் இறங்கி உள்ளே வந்தான், யாரோ கையில் கொடுத்த சூடான பன்னைக் கடித்தபடி நின்றான், நிற்கும்போதே கித்தேரி கடைசித் துணியோடு வெளியே வந்தாள், ஓவன் எழும்பியது. அவன் மென்று முடித்து, விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டான். ஏரலில் தன் அக்காள் ஒருத்தி பேக்கரியில் தட்டு தள்ளுகிறாள் என்றும், அந்தப் பக்கம் மொத்தம் நாலு பேக்கரி, நாலும் குட்டைக்கால் என்றும் சொன்னான்.

மெடில்டா மடக்கியிருந்த விரல்களோடு அந்த நாலையும் சேர்த்துப் பார்த்தாள். இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று பேச்சில்லையே என்றாள். தேதி சொன்னது அவள்தான் என்று கித்தேரி சொல்லப் போனபோது, வாயப் பொத்துட்டி என்று அதட்டிவிட்டு, காஸ்டிக் தொட்டியின் ஒரு காதைத் தானே பிடித்துத் தூக்கினாள். மறு காதை ஞானசிகாமணி பிடித்தார். சொர்ணபாய் வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பார்த்து, பார்த்து என்றாள். தெரு முழுவதும் சேர்ந்து சுரண்டிகளையும் பிரஷ்களையும் வேனுக்குள் அடுக்கியது, மடித்து வைத்த துணிகள் வீட்டிலேயே இருந்தன.

திருநெல்வேலி ரோட்டில் ஏற வேண்டிய வேன், திருச்செந்தூர் ரோட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. கித்தேரி விரல் இடுக்கில் ஒட்டியிருந்த கரியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, உங்க அக்கா எவ்வளவு உசரம் இருப்பாவ என்று கேட்டாள்; குழாய்க்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இருதயராஜ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காற்றில் ஓர் உயரம் காட்டினான். பிறகு அதைக் கொஞ்சம் ஏற்றினான். பிறகு இறக்கினான். கை அந்தரத்திலேயே நின்றது.

"தெரியலியேக்கா," என்றான். "அவ நிமிந்து நின்னு நான் பாத்ததில்ல."

"சரி," என்றாள் கித்தேரி. "போயிப் பாப்போம்."